ஆற வைக்க எலும்பைக் குத்துற ஆபரேஷன்

[திரையில்: மடங்கி நீளும் முழங்கால், உள்ளே எலும்பு முனைகள்]

நல்லா இருக்கிற எலும்புல டாக்டரே வேணும்னு வரிசையா ஓட்டை போடுறாரு. மைக்ரோஃபிராக்சர்னு இந்த ஆபரேஷனுக்குப் பேரு. ஆனா பழுதானது எலும்பு இல்ல, அதுக்கு மேல இருக்கிற குருத்தெலும்பு. அப்புறம் எதுக்கு எலும்பைத் தொடணும்?

ரத்தத்துக்காக. தோல் கிழிஞ்சா ரத்தம் வந்து உறையும், அதுல இருந்துதான் ஆறுற வேலையே தொடங்கும். எலும்பு முறிஞ்சாலும் அப்படித்தான். மூட்டுல எலும்பு முனைய மூடியிருக்கிற குருத்தெலும்புல மட்டும் ரத்தக்குழாயே கிடையாது. சில மில்லிமீட்டர் தடிமன்ல, மூட்டுத் திரவத்துல இருந்து ஊறி வர்ற சத்தை வெச்சு அது பிழைக்குது. அதனால ஒரு இடத்துல பெயர்ந்துட்டா தானா ஆறாது. டாக்டர் வில்லியம் ஹண்டர் 1743லயே இதை எழுதி வெச்சுட்டாரு.

ஆனா ரத்தம் ஒண்ணும் தூரத்துல இல்ல. நேர் கீழ, எலும்பு மஜ்ஜையில இருக்கு. நடுவுல தடுக்கிறது கெட்டியான ஒரு எலும்புத் தட்டு. 1959ல இங்கிலாந்துல பிரிடிங்கிற டாக்டர் அதை ட்ரில் வெச்சுத் துளைச்சாரு. 1980கள்ல அமெரிக்காவுல டாக்டர் ரிச்சர்ட் ஸ்டெட்மேன், ட்ரில்லோட சூடு எலும்பைக் கருக்கிடும்னு, முனை வளைஞ்ச குத்தூசிக்கு மாறினாரு.

[திரையில்: மூட்டுக்குள் கேமரா பார்க்கும் காட்சி]

ஓட்டை போடுறது கடைசி வேலைதான். முதல்ல தளர்ந்து தொங்குற துண்டெல்லாம் எடுத்துட்டு, குருத்தெலும்பு பெயர்ந்த குழியோட ஓரத்தைச் செங்குத்தா வெட்டணும். அடியில சுண்ணாம்புச் சத்து படிஞ்ச மெல்லிசான அடுக்கைச் சுரண்டணும். அது மிச்சம் இருந்தா புதுத் திசு சரியா ஒட்டாது. அப்புறம் 3, 4 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஓட்டைகள். ரொம்ப நெருங்கினா ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து தட்டே நொறுங்கிடும்.

ஆழம் போதுமான்னு எப்படித் தெரியும்? கேமராவுல பார்க்கிறதுக்காக மூட்டுக்குள்ள ஓட விடுற தண்ணியோட அழுத்தத்தைக் குறைப்பாங்க. ஒவ்வொரு ஓட்டையில இருந்தும் ரத்தமும் கொழுப்புத் துளியும் கசிஞ்சா, மஜ்ஜையத் தொட்டாச்சு. கசிஞ்சது அந்தக் குழியிலேயே உறையும். அதுல வந்து சேர்ற ஸ்டெம் செல்கள், அதாவது வேற வேற திசுவா மாறக்கூடிய செல்கள், மாசக்கணக்குல ஒரு திசுவா மாறும்.

வளர்றது பழைய குருத்தெலும்பு இல்லைங்கிறதை ஆபரேஷனுக்கு முன்னாடியே நோயாளிகிட்ட தெளிவாச் சொல்லிடணும்னு நினைக்கிறேன். பழசுல இரண்டாம் வகை கொலாஜன்ங்கிற புரதம்; புதுசுல பெரும்பாலும் முதல் வகை, நார் மாதிரி. பாரத்தை அந்த அளவு தாங்காது. முதல் ரெண்டு வருஷம் நல்லா இருந்து, அப்புறம் பலன் குறைஞ்சவங்க நிறைய. இளம் வயசு, 2 சதுர சென்டிமீட்டருக்குள்ள உள்ள குழி, இவங்களுக்குத்தான் இது ஓரளவு பொருந்தும். மூட்டு முழுக்கத் தேஞ்சவங்களுக்கு இல்ல. குழி பெருசுன்னா, நம்ம செல்லையே எடுத்து ஆய்வகத்துல வளர்த்து வைக்கிற முறை இருக்கு. ஸ்வீடன்காரங்க 1994ல அதை வெளியிட்டாங்க.

[திரையில்: ஊன்றுகோலுடன் நடக்கும் உருவம்]

கஷ்டமே இதுக்கு அப்புறம்தான். உறைஞ்ச ரத்தம் கொழகொழன்னு இருக்கும், மிதிச்சா நசுங்கும். அதனால தொடை எலும்போட அடிமுனையில ஓட்டைன்னா 6லிருந்து 8 வாரம் கால் ஊனக்கூடாது. ஆனா அசைக்காமலும் விடமாட்டாங்க. மெதுவா மடக்கி நீட்டுற மிஷின்ல தினமும் பல மணி நேரம் காலை வெப்பாங்க. முழங்கால் சில்லுக்குப் பின்னாடி ஓட்டைன்னா விதி தலைகீழ்: பட்டை கட்டி நேரா வெச்சு கால் ஊனலாம், மடக்கிக்கிட்டு ஊனக்கூடாது. சில்லு தொடை எலும்புல அழுந்துறது முழங்கால் மடங்கும்போதுதானே.