ஜிம் ஆப்ரகாம்ஸ் நூலகத்தில் கண்டது

எல்லாருக்கும் வணக்கம். ஜிம் ஆப்ரகாம்ஸ் என்ற பெயர் உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம், 'ஏர்பிளேன்!', 'நேக்கட் கன்' என்று சொன்னால் சிலருக்காவது முகம் மலரும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்காரர், இந்த மாதிரி சிரிப்புப் படங்கள் எடுத்த இயக்குநர். டேவிட் சக்கர், ஜெர்ரி சக்கர் சகோதரர்களோடு சேர்ந்து 1980இல் எடுத்த 'ஏர்பிளேன்!' படத்தில், விறைப்பான வேடங்களில் பேர் வாங்கிய நடிகர்களைக் கூப்பிட்டு, கொஞ்சமும் சிரிக்காமல் அபத்தமான வசனங்களைப் பேச வைத்தார்கள். படம் ஓடோ ஓடென்று ஓடியது.

சரி, நான் பேச வந்தது அதற்கு அப்புறம் நடந்ததை. 1993இல் அவருடைய மகன் சார்லிக்கு வலிப்பு வந்தது, குழந்தைக்கு ஒரு வயதுதான். மருந்து மாற்றி மருந்து கொடுத்தார்கள், மூளையில் அறுவை சிகிச்சையும் செய்தார்கள், நிற்கவில்லை. கடைசியில் அப்பாவே நூலகத்தில் உட்கார்ந்து தேடியபோது கண்ணில் பட்டதுதான் கீட்டோஜெனிக் உணவுமுறை. மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்து, கொழுப்பைக் கூட்டி, கிராம் கணக்கில் நிறுத்துக் கொடுக்கும் சாப்பாடு. பட்டினி கிடக்கும்போது நடப்பதுபோல உடம்பு கொழுப்பை எரித்து, அதில் வரும் கீட்டோன்கள் என்ற பொருட்களைக் கொண்டு இயங்கத் தொடங்கும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் டாக்டர் ஜான் ஃப்ரீமனும் உணவியல் நிபுணர் மில்லிசென்ட் கெல்லியும் அதைத் தொடங்கினார்கள். சில நாட்களில் வலிப்பு நின்றது. சார்லி ஐந்து வருடம் அந்தச் சாப்பாட்டிலேயே இருந்தான்.

எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை டாக்டர் ரஸ்ஸல் வைல்டர் இந்த முறையை 1921லேயே முன்வைத்துவிட்டார். 1938இல் வலிப்பை அடக்க ஃபெனிட்டாயின் என்ற மருந்து வந்தது. மாத்திரை விழுங்குவது சுலபம், வேளாவேளைக்குத் தராசோடு நிற்பது கஷ்டம், அப்படியே இது ஓரங்கட்டப்பட்டது. எழுபது வருடம் கழித்து ஒரு அப்பா அதைத் தானாகத் தேடி எடுக்க வேண்டியிருந்தது!

1994இல் ஆப்ரகாம்ஸ் மகன் பெயரிலேயே அறக்கட்டளை தொடங்கி, மருத்துவர்களுக்கும் உணவியல் நிபுணர்களுக்கும் பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும் பணம் கொடுத்தார். 1997இல் மெரில் ஸ்ட்ரீப்பை வைத்து இதே விஷயத்தைத் தொலைக்காட்சிப் படமாக எடுத்தார். ஆனால் ஒரு பிள்ளை குணமானது போதுமா, சான்று எங்கே என்று மருத்துவர்கள் கேட்டால் அது நியாயமான கேள்விதான். 2008இல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனைக் குழு, மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 145 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டது. உணவுமுறையில் இருந்தவர்களில் 38 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது, இல்லாதவர்களில் 6 சதவீதம்.

தயவுசெய்து இதைக் கேட்டுவிட்டு வீட்டில் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள், மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். சிறுநீரகக் கல் வரலாம், குழந்தையின் வளர்ச்சி குறையலாம். ஆனால் இரண்டு மூன்று மருந்து கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால், என் குழந்தைக்கு இது ஒத்துவருமா டாக்டர் என்று அடுத்த முறை போகும்போது வாய்விட்டுக் கேளுங்கள்.