பித்தக்குழாய் அடைப்பு: எந்த ஸ்டென்ட், எப்போது, எவ்வளவு காலத்துக்கு?

[திரையில்: கல்லீரல், பித்தப்பை, கணையம், முன்சிறுகுடல். பித்தம் பச்சை நிறத்தில் இறங்குகிறது]

கல்லீரல் ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தம் சுரக்கிறது. அது குடலுக்கு இறங்க இருப்பது பொதுப் பித்தக்குழாய் என்ற ஒரே வழிதான். கணையத்தின் தலைப்பகுதியில் வளரும் கட்டி அந்தக் குழாயின் கீழ்முனையை நெரிக்கும். பித்தக்குழாயிலோ பித்தப்பையிலோ தோன்றும் புற்று, பல நேரம் மேலே, வலது இடது கிளைகள் சேரும் இடத்தை அடைக்கும். அடைப்பைத் தாண்டிப் பித்தம் இறங்க உள்ளே வைக்கும் சிறு குழாய்தான் ஸ்டென்ட். அடைப்பு கீழேயா மேலேயா என்பதைப் பொறுத்துத்தான் சிகிச்சையின் வழியே மாறுகிறது.

அடைத்ததும் கண் மஞ்சளாகும், சிறுநீர் பழுப்பாகும், மலம் வெளிறும். தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு வரும். வெளியே தெரியாத ஒன்றும் நடக்கிறது: பித்தம் இல்லாமல் குடல் வைட்டமின் கே-யை உறிஞ்சாது, அதனால் இரத்தம் உறையத் தாமதமாகும். எந்தச் செயல்முறைக்கும் முன் ஐ.என்.ஆர். என்ற இரத்த உறைவுச் சோதனை பார்ப்பதும், தேவைப்பட்டால் வைட்டமின் கே ஊசி போடுவதும் இதனால்தான். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

காய்ச்சலோ நடுக்கமோ இல்லாத நிலையில், ஸ்டென்ட்டுக்கு முன்பே சி.டி. ஸ்கேன் முடிந்திருக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்தபின் எடுத்தால், அதன் நிழலும் சுற்றியுள்ள வீக்கமும் சேர்ந்து கட்டி எதுவரை பரவியிருக்கிறது என்பதை மறைத்துவிடும். அவசரத்தில் இந்த வரிசை தலைகீழாவது அடிக்கடி நடக்கிறது. பிறகு அதைச் சரிசெய்ய முடியாது.

காமாலை வந்த எல்லோருக்கும் ஸ்டென்ட் வேண்டுமா? வேண்டாம். கணையத் தலைப் புற்றுக்கு உடனே அறுவை செய்ய முடியுமானால், முதலில் ஸ்டென்ட் வைத்துப் பித்தத்தை வடிப்பது பொதுவாக நன்மை தருவதில்லை. 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், நேரடியாக அறுவைக்குப் போனவர்களில் 39 சதவீதத்தினருக்குக் கடுமையான சிக்கல்கள் வந்தன. முதலில் வடித்தவர்களிடம் அது 74 சதவீதம். அந்த ஆய்வில் வைத்தவை பிளாஸ்டிக் ஸ்டென்ட்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பித்தக்குழாயில் சீழ்த்தொற்று, பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி இரத்தத்தில் டெசிலிட்டருக்குச் சுமார் 15 மி.கி.க்கு மேல், அறுவைக்கு முன் கீமோ, அறுவை தள்ளிப்போவது ஆகிய நிலைகளில் வடிக்கத்தான் வேண்டும்.

[திரையில்: எண்டோஸ்கோப் வாய்வழி இறங்குகிறது]

கீழடைப்புக்கு முதல் வழி ஈ.ஆர்.சி.பி., அதாவது எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை வாய்வழி இறக்கிப் பித்தக்குழாயை எட்டுவது. ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு, பிறகு மயக்க மருந்து. பக்கவாட்டில் பார்க்கும் எண்டோஸ்கோப் முன்சிறுகுடலுக்குள் போகிறது. பித்தம் திறக்கும் சிறு மேட்டுக்குள் கைடுவயர் என்ற மெல்லிய வழிகாட்டிக் கம்பியை நுழைத்து, அடைப்பைத் தாண்டி மேலே செலுத்துவார்கள். சாயம் செலுத்தி, எக்ஸ்ரேயில் அடைப்பின் நீளத்தை அளந்து, செல் பரிசோதனைக்குப் பிரஷ் சுரண்டலும் எடுப்பார்கள். பிரஷ்ஷில் புற்று தெரியவில்லை என்றால் புற்றே இல்லை என்று பொருளல்ல. அது தவறவிடும் சோதனை. கடைசியாக, அதே வயரின் மேல் ஸ்டென்ட் ஏறுகிறது.

இதன் முதன்மையான ஆபத்து கணைய அழற்சி. கணையக் குழாயும் அதே மேட்டில் திறப்பதால், வயர் தவறி அங்கே போவதுண்டு. ஆசனவாய் வழியாக டைக்ளோஃபினாக் அல்லது இன்டோமெதசின் 100 மி.கி. வைப்பது இதைக் குறைக்கும்.

பிளாஸ்டிக் ஸ்டென்ட்டின் அளவு பெரும்பாலும் 10 பிரெஞ்ச். அதாவது வெளிவிட்டம் 3.3 மில்லிமீட்டர்தான். உள்சுவரில் கிருமிப் படலம் படிந்து, பித்தக் கசடு சேர்ந்து, சுமார் மூன்று மாதத்தில் அடைக்கும். உலோக ஸ்டென்ட் ஒரு கம்பி வலைக் குழாய்; ஒல்லியாக உள்ளே போய், 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை விரியும். பல மாதங்கள் தாங்கும். உறையில்லாத வலை என்றால் கட்டி இடுக்குகளின் வழியே உள்ளே வளரும், பின்னால் எடுக்கவும் முடியாது. உறையிட்டதை எடுக்கலாம், ஆனால் அது நகரக்கூடும்; பித்தப்பைக் குழாயின் வாயை மூடினால் பித்தப்பை வீங்கலாம். புற்று என்று உறுதியாகி, அறுவை வாய்ப்பில்லை என்றால், கீழடைப்புக்கு எங்கள் பரிந்துரை உலோகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மயக்கம் கொடுத்து மாற்றும் சிரமத்தை அந்த நோயாளிமேல் சுமத்தக் கூடாது.

மேலடைப்பு கடினமானது. அங்கே கிளைகள் தனித்தனியாகப் பிரிந்துவிடும். எம்.ஆர்.சி.பி. என்ற எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பித்தக்குழாய்களின் வரைபடம் பார்த்து, எந்தக் கிளைகளைத் திறந்தால் கல்லீரலில் பாதிக்கு மேல் வடியும் என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். சாயம் ஏற்றிவிட்டு வடிக்காமல் விட்ட கிளையில் தொற்று வேரூன்றும். உறையிட்ட ஸ்டென்ட் இங்கே பக்கக் கிளைகளை மூடிவிடும்.

[திரையில்: விலா இடுக்கில் ஊசி, கதீட்டர், பை]

எண்டோஸ்கோப் எட்டாத இடத்துக்குத் தோல்வழியாகப் போவது பி.டி.பி.டி. அல்ட்ராசவுண்ட் பார்த்துக் கல்லீரலில் ஊசி குத்தி, வயர் விட்டு, 8 முதல் 10 பிரெஞ்ச் அளவுள்ள கதீட்டர் என்ற வடிகுழாய் வைப்பார்கள். அடைப்பைத் தாண்ட முடிந்தால் பித்தம் உள்ளேயும் இறங்கும். முடியாவிட்டால் பைக்கு மட்டும் வரும். அனுபவமுள்ள இடங்களில் எண்டோஸ்கோப் அல்ட்ராசவுண்ட் மூலம் வயிற்றிலிருந்தோ முன்சிறுகுடலிலிருந்தோ பித்தக்குழாய்க்குப் புதுவழி திறப்பதும் உண்டு.

வீட்டில் பை எப்போதும் கதீட்டர் நுழையும் இடத்துக்குக் கீழே இருக்கட்டும். சொல்லிக்கொடுத்த அளவு, வழக்கமாக 5 முதல் 10 மி.லி. சுத்தமான சலைன், மெதுவாக உள்ளே செலுத்துங்கள். சிரிஞ்சால் இழுக்காதீர்கள், குடல் கிருமி மேலே ஏறும். தடை தெரிந்தால் அழுத்தாமல் நிறுத்துங்கள். தினமும் அளவை எழுதுங்கள். வெளியே போகும் பித்தத்தோடு சோடியமும் பைகார்பனேட்டும் போகின்றன. ஒரு லிட்டரைத் தாண்டினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சட்டென்று நின்றாலும், கதீட்டரைச் சுற்றிக் கசிந்தாலும், அடைத்திருக்கலாம் அல்லது நழுவியிருக்கலாம். மூடி போட்ட கதீட்டர் என்றால், காய்ச்சலோ வலியோ வந்தவுடன் மூடியைத் திறந்து பையை மாட்டிவிட்டு மருத்துவமனையை அழையுங்கள். பையில் இரத்தம் தொடர்ந்து வந்தால் தாமதிக்கக் கூடாது.

ஸ்டென்ட் வைத்தபின் சிறுநீர் தெளிந்தும் கண் மஞ்சள் வாரக்கணக்கில் நிற்கலாம். பிலிருபினில் ஒரு பகுதி ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் மெதுவாகத்தான் போகும். ஆனால் ஒரு வாரம் கழித்தும் பிலிருபின் இறங்கவே இல்லை என்றால், ஸ்டென்ட் சரியாக வடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நடுக்கத்தோடு காய்ச்சல், மறுபடி கருத்த சிறுநீர், மறுபடி அரிப்பு வந்தால் அன்றே போக வேண்டும். இது சில மணி நேரத்தில் இரத்த அழுத்தத்தை வீழ்த்தும் தொற்று. பாராசிட்டமால் போட்டுக் காலை வரை பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அவசரப் பிரிவில் முதலில் சொல்ல வேண்டியவை: பித்தக்குழாயில் ஸ்டென்ட் இருக்கிறது, பிளாஸ்டிக்கா உலோகமா, வைத்த தேதி, கடைசி கீமோ தேதி.

[திரையில்: இந்த நான்கு விவரங்களும் எழுதிய அட்டை]