கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு யார் துணை?

(பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான உதவி மையங்களில் பணிபுரியும் மருத்துவ, உளநலப் பணியாளர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மருத்துவர்களே, செவிலியர்களே, ஆற்றுப்படுத்துநர்களே, சமூகப் பணியாளர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

ஒரு கோப்பில் இருந்த ஒரே ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த இளம் ஆற்றுப்படுத்துநர் தம் முதல் அமர்வை முடித்துவிட்டு எழுதிய குறிப்பில், "சம்பவத்தின்போது அவர் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை" என்று ஒரு வரி இருந்தது. அவர் கெட்ட எண்ணத்தோடு அதை எழுதவில்லை. குறிப்பு என்றால் இப்படித்தான் சுருக்கமாக, அலுவலக நடையில் இருக்க வேண்டும் என்று எங்கோ பழகியிருந்தார். நான் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அந்தப் பெண் வாயிலிருந்து வந்த சொற்களை அப்படியே சொல்லுங்கள்" என்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "கத்தணும்னு நெனச்சேன், தொண்டையில சத்தமே வரல. கை என் கை மாதிரியே இல்ல." இரண்டையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தோம். மேலே இருந்த வரியில் அந்தப் பெண் செய்யத் தவறிய ஒன்று இருந்தது. கீழே இருந்ததில் அவருடைய உடலுக்கு என்ன நேர்ந்தது என்பது இருந்தது. அந்த இளைஞர் வேறெதுவும் பேசாமல் குறிப்பைத் திருத்தி எழுதினார்.

இது மொழிநடைத் திருத்தம் அல்ல. உறைந்துபோதல் என்பது உடலின் தற்காப்பு எதிர்வினைகளில் ஒன்று. அது விருப்பத்தின் பேரில் நிகழ்வதில்லை. சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில், வன்புணர்வுக்கு ஆளானவர்களுக்கான அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 298 பெண்களிடம் நடத்தப்பட்டு 2017-ல் வெளியான ஆய்வில், பத்தில் ஏழு பேர் தாக்குதலின்போது குறிப்பிடத்தக்க அளவில் உடல் அசைவிழந்திருந்தது தெரியவந்தது. அப்படி உறைந்துபோனவர்களுக்கே பிற்பாடு பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனப்பாதிப்பும் மனச்சோர்வும் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. எந்த எதிர்வினையை வைத்து உலகம் அவர்களைச் சந்தேகிக்கிறதோ அதுவே அவர்களை நெடுநாள் வாட்டுகிறது. அப்படியிருக்க, அந்தச் சந்தேகம் நம் கோப்புக்குள்ளும் ஒரு வரியாக வந்து உட்கார்ந்துவிட்டால், ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் அதை வாசிப்பவர் நம் பெயரைச் சொல்லியே வாசிப்பார்.

சொற்களைப் பற்றி இன்னும் சற்றுப் பேச வேண்டியிருக்கிறது. 'கற்பழிப்பு' என்ற சொல்லை எங்கள் மையத்தின் எந்தத் தாளிலும் எழுதக் கூடாது என்பது நான் குழுத் தலைமைக்கு வந்ததும் கொண்டுவந்த முதல் விதி. அந்தச் சொல்லில் செய்தவன் எங்குமே இல்லை. பாதிக்கப்பட்டவரிடம் இருந்த ஏதோ ஒன்று அழிந்துவிட்டது என்று மட்டும் அது சொல்கிறது. ஆண்களும் சிறுவர்களும் இந்தக் கொடுமைக்கு ஆளாகிறார்கள் என்பதற்கு அதில் இடமே கிடையாது. பாலியல் வன்முறை, வன்புணர்வு என்று எழுதுகிறோம். ஆனால் நம்மிடம் வருபவரே அந்தச் சொல்லைச் சொன்னால், அந்த இடத்தில் அவரைத் திருத்தப் போகக் கூடாது. அவர் சொன்னது சொன்னபடி மேற்கோளில் நிற்கட்டும். விதி நமக்கு, அவருக்கு அல்ல.

அமைதியாக இருப்பவரைப் பற்றியும் குழுவுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. செவிலியரான ஆன் பர்ஜெஸும் சமூகவியலாளரான லிண்டா ஹோம்ஸ்ட்ரமும் பாஸ்டன் நகர மருத்துவமனையில் வன்புணர்வுக்கு ஆளாகி வந்தவர்களோடு பேசி, 1974-ல் வெளியிட்ட கட்டுரையில் இதை எழுதிவிட்டார்கள்: சிலர் அழுகையும் நடுக்கமுமாக வருவார்கள், வேறு சிலர் எதுவும் நடவாததுபோல் அடங்கிய முகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். அரை நூற்றாண்டு ஆன பின்பும், "அவங்க ரொம்ப நார்மலா இருக்காங்களே" என்று தாழ்ந்த குரலில் ஒருவர் என்னிடம் வந்து சொல்வது நின்றபாடில்லை. சொல்பவரிடம் நான் கோபப்படுவதில்லை. அந்த ஐயம் என்னிடம் வந்தது நல்லது. அறைக்குள் அவர் முகத்தில் வந்திருந்தால் அதோடு எல்லாம் முடிந்திருக்கும்.

இனி மருத்துவமும் ஆற்றுப்படுத்தலும் ஒன்றோடொன்று உரசும் இடத்துக்கு வருகிறேன். மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தாக வேண்டும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள்கள் தொடர வேண்டும். அவசரக் கருத்தடையை ஐந்து நாள்கள் வரை கொடுக்கலாம் என்றாலும், எவ்வளவு விரைவில் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. தடயங்களும் குளித்தாலும் உடை மாற்றினாலும் அழியக்கூடியவை. ஆற்றுப்படுத்துநரோ, இந்தப் பெண்ணுக்கு முதலில் தேவை யாரும் எதற்கும் அவசரப்படுத்தாத ஓர் அரை மணி நேரம் என்பதைக் காண்கிறார். இருவர் சொல்வதும் சரி. இந்த இடத்தில் குழுத் தலைவர் யார் பெரியவர் என்று பஞ்சாயத்துப் பேச உட்கார்ந்தால், அறைக்குள் இருப்பவர் மறக்கப்பட்டுவிடுவார்.

நாங்கள் கண்ட வழி எளியது. உயிருக்கு ஆபத்தான காயம் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே எவருடைய வேகத்துக்கும் காத்திராது. மற்றவை அனைத்திலும் நேரக் கணக்கை மறைக்காமல் அவரிடமே எடுத்துச் சொல்லி, எதை முதலில் செய்யலாம், எது வேண்டாம் என்று கேட்கிறோம். மருந்தை மட்டும் ஏற்று உடல் பரிசோதனையை அவர் மறுக்கலாம். பரிசோதனைக்கு உடன்பட்டுவிட்டு அதன் ஒரு பகுதியை மட்டும் வேண்டாம் எனலாம். பாதியில் நிறுத்தச் சொல்லலாம். "கையை லேசா தூக்குங்க, நான் நிறுத்திடுறேன்" என்று எங்கள் மூத்த செவிலியர் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவார். சொன்னதோடு விடாமல், ஒருமுறை கையைத் தூக்கிக் காட்டச் சொல்லி, உடனே தாமும் பின்வாங்கி நின்று காட்டுவார். 'வேண்டாம்' என்றது பலிக்காமல்போன ஒருவருக்கு, அது பலிக்கிறது என்பதைக் கண்ணால் காட்டும் அந்தச் சில நொடிகளுக்கு ஈடான சிகிச்சையை நான் அறியேன். ஒருவரிடமிருந்து பறிக்கப்பட்டது தன் உடல்மீது அவருக்கிருந்த அதிகாரம் என்றால், நாம் செய்யும் ஒவ்வொரு காரியமும் அதைத் திருப்பிக் கொடுப்பதாக இருக்க வேண்டும்.

நான் சொல்ல வந்ததே இதன் அடுத்த படி. பணியாளரிடம் அந்த அதிகாரத்தை நாம் விட்டுவைக்காவிட்டால், அவர் அதை இன்னொருவருக்கு எப்படிக் கொடுப்பார்? 'வேண்டாம்' என்று தலைவரிடம் சொல்ல முடியாத ஒருவர், 'வேண்டாம் என்று சொல்லலாம்' என்று பாதிக்கப்பட்டவரிடம் சொல்லும்போது அந்தக் குரலில் வலு இருக்காது.

இதை நான் ஒரு தவற்றின் வழியாகத்தான் கற்றேன். எங்கள் குழுவில் அனுபவம் மிக்க ஒருவர் இருந்தார். எவ்வளவு கடினமான வழக்கு வந்தாலும், "என்கிட்ட கொடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்பார். நானும் கொடுத்தேன், கூட்டங்களில் அவரை மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டாகவும் பேசினேன். சில மாதங்களில் அவருடைய குறிப்புகள் சுருங்கத் தொடங்கின; சாப்பாட்டு வேளையில் தனியே உட்கார்ந்தார்; தம் மகளைத் தோழி வீட்டுக்குக்கூட அனுப்புவதை நிறுத்திவிட்டார் என்று பேச்சுவாக்கில் ஒருநாள் சொன்னார். இவை அனைத்தும் என் கண்முன் நடந்தும் நான் கோத்துப் பார்க்கவில்லை. பின்னொரு மாலை, கையில் ஒரு வழக்குக் கோப்போடு நின்று, "எல்லாரும் சொல்றது ஒரே கதையாத்தான் கேக்குது" என்றார். அடுத்த வாரம் நீண்ட விடுப்பில் போனார். அவர் திரும்பி வந்தார் என்பது என் நற்பேறு. என் திறமை அல்ல.

பிறருடைய பேரதிர்ச்சியை நாள்தோறும் கேட்பவரின் உள்ளத்திலும், உலகம் பாதுகாப்பானது, மனிதர்களை நம்பலாம் என்னும் அடிப்படை நம்பிக்கைகள் மெல்ல மாறிப்போகும் என்பதை மெக்கன், பெர்ல்மன் என்னும் இரு உளவியலாளர்கள் 1990-லேயே பெயரிட்டு விளக்கியிருக்கிறார்கள். இது பணியாளரின் பலவீனம் அல்ல. வேலையின் தன்மையிலேயே உள்ள ஆபத்து. கதிர்வீச்சுக் கருவியோடு வேலை செய்பவரிடம் "மனதைத் திடப்படுத்திக்கொள்" என்று யாரும் சொல்வதில்லை. அளவுமானியைக் கொடுத்து, அளவு மீறினால் வெளியே அழைத்துவிடுகிறார்கள். நாமும் அளக்கத்தான் வேண்டும். ஒருவர் வாரத்துக்கு எத்தனை பேரைப் பார்க்கிறார் என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்த நாங்கள், இப்போது எத்தனை பேரின் வாயிலிருந்து முதன்முறையாக முழு நிகழ்வையும் கேட்கிறார் என்பதைத் தனியாக எண்ணுகிறோம். இரவில் அழைப்பின்பேரில் வந்தவரின் பெயர் மறுநாள் காலை அட்டவணையில் இருக்காது. ஒருவர் வழக்கை மறுத்தால் காரணம் கேட்பதில்லை. இந்தக் கடைசி விதிக்கு நிர்வாகத்தில் எதிர்ப்பு இருந்தது. எல்லாரும் மறுத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார்கள். அப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

காரணம் கேட்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் குழுக்களில் இருப்பவர்களிலும் இந்தக் கொடுமையைத் தாங்களே கடந்து வந்தவர்கள் இருப்பார்கள். அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. துருவிக் கேட்கும் உரிமை நமக்கும் இல்லை. எல்லாருக்கும் பொதுவாக ஒரு கதவு திறந்திருந்தால், எதற்காக வெளியே போகிறோம் என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

பாதிக்கப்பட்டவரையும் பணியாளரையும் உடனடியாக உட்காரவைத்து நடந்ததை எல்லாம் கொட்டவைத்துவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே ஊறியிருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2013-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பாதிக்கப்பட்டவர்களுக்கு அத்தகைய ஒற்றை அமர்வுக் கொட்டித்தீர்த்தலைச் செய்ய வேண்டாம் என்றே சொல்கிறது. தற்கொலை எண்ணமோ அன்றாட வாழ்க்கையை நடத்த முடியாத அளவுக்குத் துயரமோ போன்ற கடுமையான நிலை இல்லாதவரை, ஒன்று முதல் மூன்று மாதங்கள் வரை துணைநின்று கவனித்துவருவதையே அது பரிந்துரைக்கிறது. பணியாளர்களின் ஓய்வறைக்கும் நாங்கள் இதே கட்டுப்பாட்டை வைத்திருக்கிறோம். கேட்டதை ஒருவரிடம் பகிர்வதற்கு முன், "கொஞ்சம் கனமான விஷயம், இப்போ சொல்லலாமா?" என்று கேட்க வேண்டும், விவரங்களை அல்ல, அதனால் தமக்கு என்ன ஆனது என்பதையே பேச வேண்டும்.

ஒருவரை நாம் எப்போதும் கணக்கில் விட்டுவிடுகிறோம். மொழிபெயர்ப்பாளரைச் சொல்கிறேன். பாதிக்கப்பட்டவர் 'நான்' என்று சொன்னதை அவரும் 'நான்' என்றே பெயர்த்துச் சொல்கிறார். ஒரு நாளில் மூன்று பேருக்கு நிகழ்ந்தது தனக்கு நிகழ்ந்ததாகத் தன் வாயாலேயே சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போகிறார். வரவேற்பில் முதல் அழைப்பை எடுப்பவரும் அப்படித்தான். இந்த வேலை தம்மை என்ன செய்கிறது என்பதைப் பணியாளர் ஒருவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசும் வழிகாட்டல் அமர்வுகளில் இவர்களுக்கும் இடம் வேண்டும்.

'மேற்பார்வை' என்ற சொல்லைத் தவிர்த்து 'வழிகாட்டல்' என்று நான் சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். மேலே நின்று பார்ப்பவரிடம் யாரும், "இன்று அந்த அறையில் எனக்குக் கோபம் வந்தது", "நான் அவரை நம்பவில்லை" என்று சொல்லமாட்டார்கள். சம்பள உயர்வைத் தீர்மானிப்பவரும் இந்த ஒரு மணி நேரத்துக்கு எதிரே உட்காருபவரும் ஒருவராக இல்லாமல் இருப்பது நல்லது. சிறிய மையங்களில் அது முடியாதபோது, வெளியிலிருந்து ஒருவரை அழைக்க வேண்டும். வேலை நெருக்கடி வரும்போது முதலில் ரத்தாவது இந்த ஒரு மணி நேரம்தான். காத்திருப்போர் பட்டியல் நீளும்போது அதை ரத்து செய்யச் சொல்லி நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்கள், பணியாளர்களே கேட்கிறார்கள். நானும் முன்பு சம்மதித்திருக்கிறேன். இப்போது சம்மதிப்பதில்லை.

உங்கள் மையங்களுக்குத் திரும்பியதும் கடந்த மாதத்து அட்டவணையை எடுத்து வைத்து, அந்த ஒரு மணி நேரம் யார் யார் பெயருக்கு நேரே அடித்து நீக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மொழிபெயர்ப்பாளரின் பெயர் அந்தத் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். குழுத் தலைவராக இருப்பவர்கள், தங்கள் பெயருக்கு நேரே அப்படி ஒரு மணி நேரம் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்; என்னுடைய அட்டவணையில் ஆறு ஆண்டுகள் அது இல்லாமலேயே இருந்தது.

பொறுமையுடன் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்.