மூன்று நிமிடம், ஐந்து நிமிடம், பத்து நிமிடம்: என்னால் முடியாது

வணக்கம். குரல் தாழ்வாகத்தான் இருக்கும், ஒலியைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். பாப்பா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். வழக்கம்போல அடுப்படியில்தான் நிற்கிறேன். மின்விசிறி இரைச்சல் மைக்கில் ஏறுகிறது என்று போன முறை சொன்னீர்கள், அதனால் போடவில்லை. பெரம்பூர் வெயிலில் வேர்த்துக் கொட்டுகிறது.

இரண்டு நாளாக எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. குழந்தையைத் தானாகவே தூங்கப் பழக்கும் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர்ந்திருப்பதாகச் சொன்னேன் அல்லவா? 4,500 ரூபாய். என் ஒரு மாத மளிகை! முதல் நாளே பாடம் இதுதான்: விழித்திருக்கும் குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு அறையை விட்டு வந்துவிட வேண்டும். அழுதால் மூன்று நிமிடம் கழித்துப் போய்த் தட்டிக்கொடுக்கலாம், தூக்கக் கூடாது. அடுத்தது ஐந்து நிமிடம், அதற்கடுத்தது பத்து. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஃபெர்பர் என்ற குழந்தை மருத்துவர் 1985இல் எழுதிப் பரவலான முறை. அறையை விட்டு வா என்றால் நான் எங்கே போவேன்? எங்கள் வீட்டில் இருப்பதே ஒரு படுக்கையறை. வெளியே வந்தால் கூடத்தில் அத்தையின் தலைமாடு.

செவ்வாய்க்கிழமை இரவு முயன்றும் பார்த்தேன். முதல் மூன்று நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போய்த் தட்டிக்கொடுத்தேன். கையை நீட்டினாள், நான் தூக்கவில்லை. திரும்பி வந்து ஐந்து நிமிடக் கணக்கைத் தொடங்கியபோது வீறிடல் நின்று விக்கலாக மாறியது. அத்தை எழுந்து உட்கார்ந்தார். "பிள்ளை கூப்பிடுகிறாளே, உன் காதில் விழவில்லையா அம்மா?" என்றார். அவ்வளவுதான், ஓடிப் போய்த் தூக்கிவிட்டேன். என் தோளில் தூங்கிய பிறகும் அரை மணி நேரம் விம்மினாள். அந்த விம்மலை என்னால் மறக்க முடியவில்லை.

முக்கியமானதை விட்டுவிட்டேன். பாப்பாவுக்கு ஏழு மாதம். நான்கு முதல் ஆறு மாதமாவது ஆகாத குழந்தைக்கு இது வேண்டாம் என்று இந்த முறையை ஆதரிப்பவர்களே பெரும்பாலும் சொல்கிறார்கள். ஆனால் அந்த வகுப்பில் மூன்று மாதக் குழந்தையின் தாய் ஒருவரும் இருந்தார். அவரைத் தடுத்து யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை! அந்த வயதில் இரவில் பசி எடுக்கத்தான் செய்யும். தாயின் உடலில் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோனும் இரவில்தான் கூடுதலாக இருக்கும். என் கோபத்தில் முக்கால் பங்கு இதற்குத்தான். 4,500 ரூபாய்க்குக் கால் பங்கு.

பயிற்சியாளரிடம் கேட்டேன், "ஆராய்ச்சி இருக்கிறது" என்றார். இருக்கிறதுதான், நானும் படித்தேன். ஆஸ்திரேலியாவில் 326 குழந்தைகளோடு தொடங்கி ஆறு வயது வரை கவனித்து 2012இல் வெளியிட்டார்கள். தீங்கு எதுவும் தெரியவில்லை, நீடித்த நன்மையும் தெரியவில்லை. அதே ஆண்டு நியூசிலாந்து ஆய்வு ஒன்று வந்தது, 25 குழந்தைகள்தான். மூன்றாம் நாள் குழந்தைகள் அழுகையை நிறுத்திவிட்டார்கள், ஆனால் உடலில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் குறையவில்லை. சிறிய ஆய்வுதான், அதை வைத்து யாரையும் பயமுறுத்த மாட்டேன். வேலைக்குப் போகும் தாய் தூக்கமின்றித் தள்ளாடி இதைச் செய்தால் அவரை நான் குறை சொல்லவும் மாட்டேன். எனக்கு ஆறு வயதில் என்ன ஆகும் என்பது கேள்வியே இல்லை. இன்று ராத்திரி அவள் என்னைக் கூப்பிடுகிறாள். அவளுக்கு இருக்கிற ஒரே மொழி அழுகை. அதற்குக் கடிகாரம் பார்த்துப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, அதற்குப் பதிலாக நாங்கள் கட்டிய தூளிக்கு வருவோம்! மறுநாளே அத்தையின் பழைய சுங்குடிச் சேலையை எடுத்துவிட்டோம். உத்தரத்தில் கொக்கி ஏற்கெனவே இருந்தது, ஸ்பிரிங்தான் வேண்டும். பாரிமுனையில் 650 ரூபாய் சொன்னார்கள். ரங்கநாதன் தெருவில் 480. அங்கேயே நான்கு கடை தள்ளி, அதே கனம், அதே நீளம், 350! கையில் தூக்கிப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன், முதல் கடைக்குத் திரும்பிப் போய் ஒப்பிட்டும் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. 320க்கு வாங்கினேன். வீட்டில் அரிசிப் பையைத் தொங்கவிட்டுத் தாங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் பாப்பாவைப் போட்டேன். அத்தை ஆராரோ பாடினார். ஏழு நிமிடத்தில் தூங்கிவிட்டாள், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல். ஆட்டும்போது யாராவது ஒருவர் பக்கத்திலேயே இருப்போம். தூங்கியதும் சமமான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைத்துவிடுகிறேன், இரவு முழுக்கத் தூளியில் விடுவதில்லை. நடுவில் இரண்டு முறை எழுகிறாள். எழட்டும், பால் கொடுக்கிறேன்.

அடடா, தூளிக் கட்டையைச் சொல்லவே இல்லையே. சேலை குழந்தையின் முகத்தை மூடாமல் விரித்துப் பிடிக்கிற கட்டை அது, அதில்லாமல் கட்டாதீர்கள். அதே கடையில் 60 ரூபாய். இரண்டு பக்கமும் பள்ளம் வெட்டியதாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் துணி வழுக்கும்.