பதிவேட்டில் அழித்த எண்

வணக்கம் நேயர்களே.

ஒரு மாணவியின் வேதியியல் பதிவேட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். தரம்பார்த்தலில், அதாவது ஒரு கரைசலோடு இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துச் செறிவைக் கண்டறியும் சோதனையில், மூன்று அளவுகள்: 20.1, 20.1, 20.1 மில்லிலிட்டர். நடுவில் இருந்த எண்ணின் அடியில் காகிதம் தேய்ந்து மெலிந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பழைய எண் 20.2. "ஏம்மா அழிச்சே?" என்றேன். "தப்பா வந்துடுச்சு டீச்சர்."

அது தப்பே இல்லை. பியூரெட் என்பது கரைசலைச் சொட்டுச் சொட்டாக இறக்கும், கோடு போட்ட கண்ணாடிக் குழாய். 50 மில்லி பியூரெட்டில் கோட்டுக்குக் கோடு 0.1 மில்லி. பிறைத்தளத்தின், அதாவது குழாயில் வளைந்து நிற்கும் திரவப் பரப்பின், அடி இரு கோடுகளுக்கு நடுவே நின்றால், மீதியைக் கண்தான் மதிப்பிட வேண்டும். அதில் 0.05 முன்பின் ஆகும். தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை பார்க்கிறோம், மொத்தம் 0.1. பியூரெட்டின் நுனியில் தொங்குகிற ஒரு சொட்டே ஏறக்குறைய 0.05 மில்லி இருக்கும். அப்படியிருக்க 20.1-ஐயும் 20.2-ஐயும் வேறு வேறு விடைகளாக எப்படிச் சொல்வது?

குறித்த அளவு கரைசலை உறிஞ்சி எடுக்கும் குழாயான பிப்பெட்டை, அந்தக் கரைசலால் அலசாமல் எடுத்தால் அது பிழை. கண்டுபிடித்துத் திருத்திவிடலாம். நான் சொல்வது நிச்சயமின்மை. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் கொஞ்சம் மிஞ்சும்.

எல்லோரும் பியூரெட்டையே குறை சொல்கிறோம். தராசை யாரும் பார்ப்பதில்லை. 250 மில்லி திட்டக் குடுவையில் 0.05 மோலார் செறிவுள்ள ஆக்சாலிக் அமிலக் கரைசல் தயாரிக்க, படிக நீரோடு சேர்த்து 1.576 கிராம் வேண்டும். தராசு 0.01 கிராம் வரைதான் காட்டும் என்று வையுங்கள். வெறும் பாத்திரத்தை ஒருமுறை, அமிலத்தோடு ஒருமுறை எடை போடும்போது 0.01 கிராம் ஐயம் சேர்ந்துவிடுகிறது. அது 0.6 சதவீதத்துக்கும் மேல்! 20 மில்லி அளவில் பியூரெட் தரும் ஐயம் 0.5 சதவீதம்தான். பியூரெட்டைத் தொடுவதற்கு முன்பே கரைசலுக்குள் அதைவிடப் பெரிய ஐயம் புகுந்துவிட்டது. 0.001 கிராம் காட்டும் தராசு கிடைத்தால் இது பத்தில் ஒரு பங்காகக் குறையும். அதே பியூரெட்டில் 5 மில்லி மட்டும் இறங்குமாறு சோதனையை அமைத்தால் ஐயம் 2 சதவீதமாக ஏறும். கரைசல்களின் செறிவை 20 மில்லி வாக்கில் முடியும்படி அமைப்பது இதனால்தான்.

சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தை நேரே எடை போட்டுத் திட்டக் கரைசல், அதாவது செறிவு சரியாகத் தெரிந்த கரைசல், என்று பெயர் ஒட்டக் கூடாது. தட்டில் இருக்கும்போதே அது காற்றின் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். எடை போட்டதில் காரம் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. ஆக்சாலிக் அமிலம் அப்படி ஏமாற்றாது. அதனால்தான் அது முதன்மைத் திட்டப்பொருள், அதாவது நேரே எடை போட்டுத் திட்டக் கரைசல் செய்யத் தகுந்த பொருள். காரத்தின் செறிவை அதை வைத்துத் தரம்பார்த்துத்தான் எழுத வேண்டும்.

அந்தப் பெண் அழித்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். மூன்றும் ஒத்து வந்தால்தான் முழு மதிப்பெண் என்று நாங்கள் பழக்கியிருக்கிறோம். திருத்தும் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: 20.1, 20.2, 20.1 என்று மாணவர் எழுதி, பக்கத்தில் 'கூட்டல் கழித்தல் 0.1' என்று குறித்திருந்தால் முழு மதிப்பெண்ணையும் கொடுத்துவிடுங்கள்.

வணக்கம்.