யெல்லரின் மகனுக்கு நேர்ந்தது

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

நல்ல படம் ஒன்றுக்கு இரண்டாம் பாகம் எடுக்கும்போது எது தொலைந்துபோகிறது என்று பேச எண்ணியிருக்கிறேன். அதற்கு வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் இரண்டு படங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, 1957இல் வந்த 'ஓல்ட் யெல்லர்'. மற்றொன்று, அதன் தொடர்ச்சியாக 1963இல் வந்த 'சாவேஜ் சாம்'. முதல் படத்தை 2019இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காப்பாற்றி வைக்க வேண்டிய தேசியத் திரைப்படங்களின் பட்டியலில் சேர்த்தது. இரண்டாவதன் பெயரே பலருக்குத் தெரியாது.

கதை நடப்பது 1860களின் இறுதியில், டெக்சாஸ் மாநிலத்தின் எல்லைப்புறத்தில். மரக்கட்டைகளால் கட்டிய வீடு, சுற்றிலும் சோளக்கொல்லை, அதற்கப்பால் காடு. அப்பா ஜிம் கோட்ஸ் மாடுகளை விற்றுப் பணம் கொண்டுவர கான்சாஸுக்குப் புறப்படுகிறார். வீட்டுப் பொறுப்பு மூத்த மகன் டிராவிஸின் தலையில் விழுகிறது. அந்தச் சமயத்தில்தான் எங்கிருந்தோ ஒரு மஞ்சள் நாய் வந்து சேர்கிறது. கட்டித் தொங்கவிட்டிருந்த இறைச்சியைத் திருடித் தின்கிறது. டிராவிஸுக்கு அதைக் கண்டாலே ஆகவில்லை. தம்பி ஆர்லிஸோ அதை விட்டு நகர மறுக்கிறான்.

அந்த நாயாக நடித்தது ஸ்பைக். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வான் நைஸ் பகுதியிலிருந்த விலங்குக் காப்பகத்தில் மூன்று டாலருக்கு வாங்கப்பட்ட நாய் அது. ஃபிராங்க் வெதர்வாக்ஸ் என்பவர் பழக்கினார். அழகான நாய் என்று அதை யாரும் சொல்ல மாட்டார்கள். பெரிய தலை, தொங்கும் தாடை. அப்படிப்பட்ட நாயைத் தேர்ந்தெடுத்ததே பாதி வெற்றி என்பேன். கொல்லையில் காவல் இருப்பது, முரட்டுப் பசுவை அடக்குவது, காட்டுப்பன்றிகளிடமிருந்து பையனைக் காப்பாற்றுவது என்று அது செய்கிற ஒவ்வொரு வேலையும் அந்தக் குடும்பத்தின் அன்றாடத் தேவையிலிருந்து பிறக்கிறது. பன்றிகள் அதன் உடம்பைக் கிழித்த பிறகு, கோவேறு கழுதையின் வால்மயிரைப் பிடுங்கி நூலாக்கி, அம்மா காயத்தைத் தைக்கிறாள். மருத்துவர் இல்லாத ஊரில் வாழ்வது எப்படியிருக்கும் என்பதைச் சொல்ல அந்த ஒரு காட்சி போதும்.

பிறகு வெறிநோய் வருகிறது. பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் வெறிநாய்க்கடிக்கான தடுப்பூசியை முதன்முதலாக ஒரு சிறுவனுக்குப் போட்டது 1885இல். இந்தக் கதை நடக்கும் காலத்தில் அந்த நோய்க்கு மருந்தே இல்லை. வீட்டைக் காக்க வெறிபிடித்த ஓநாயோடு யெல்லர் சண்டை போட்டுவிட்டது, கடியும் பட்டுவிட்டது. ஃபிரெட் கிப்சன் 1956இல் எழுதிய மூல நாவலில் அன்று இரவே டிராவிஸ் நாயைச் சுட்டுவிடுகிறான். படத்தில் அப்படியில்லை. ஒருவேளை நோய் தொற்றியிருக்காது என்று அம்மாவிடம் மன்றாடி, நாயைச் சோளக்களஞ்சியத்தில் அடைத்துவைக்கிறான். நாட்கள் நகர்கின்றன. நாய் வாலாட்டுகிறது, கொடுத்ததைச் சாப்பிடுகிறது. நமக்கும் நம்பிக்கை வருகிறது. ஒருநாள் உணவோடு போகும் டிராவிஸைப் பார்த்து அது உறுமுகிறது. அந்த உறுமல் அவனுக்கும் நமக்கும் ஒரே நொடியில் புரிந்துவிடுகிறது. விவரம் தெரியாத ஆர்லிஸ் இரவில் கதவைத் திறக்கப் போய், கடைசி நேரத்தில் தடுக்கப்படுகிறான். துப்பாக்கியைத் தூக்கிவரும் அம்மாவிடம், அது என் நாய், நானே செய்கிறேன் என்று மகன் கேட்டு வாங்கிக்கொள்கிறான்.

காத்திருக்கும் அந்த நாட்களைச் சேர்த்ததில் படம் நாவலையே மிஞ்சிவிட்டது. திரைக்கதை எழுதியவர்கள் அதே கிப்சனும் வில்லியம் டன்பெர்க்கும். இயக்கம் ராபர்ட் ஸ்டீவன்சன். குழந்தைகளுக்கான படத்தில் இவ்வளவு பெரிய துக்கத்தை வைக்கலாமா என்று அவர்கள் தயங்கவில்லை. பார்க்கிற பிள்ளைகளை அவர்கள் மதித்திருக்கிறார்கள்.

இனி இரண்டாம் படம். எழுதியவர்கள் அதே இருவர். டிராவிஸாக டாமி கர்க், ஆர்லிஸாக கெவின் கார்கரன், பக்கத்துவீட்டு வாய்ச்சவடால்காரர் சியர்சியாக ஜெஃப் யார்க் என்று பழைய முகங்கள் திரும்பி வருகின்றன. இயக்குநர் மட்டும் நார்மன் டோக்கர். அம்மாவாக நடித்த டொரோத்தி மக்குவயரும் அப்பாவாக நடித்த ஃபெஸ் பார்க்கரும் இல்லை. பாட்டிக்கு உடம்பு சரியில்லை, பார்க்கப் போயிருக்கிறார்கள் என்று ஒரு வரியில் கதை அவர்களைக் கழற்றிவிடுகிறது. இடத்தை நிரப்ப வருகிறார் சித்தப்பா பெக், அதாவது பிரையன் கீத். அவர் நடிப்பில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா போனதும் அந்த வீடே போய்விட்டது. கொல்லை இல்லை, களஞ்சியம் இல்லை, செய்து முடிக்க வேண்டிய வேலையும் இல்லை. கதை தொடங்கிய சிறிது நேரத்திலேயே அப்பாச்சிகள் என்ற அமெரிக்கப் பழங்குடியினர் இரண்டு பையன்களையும் லிஸ்பெத் என்ற பெண்ணையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மிச்சமெல்லாம் குதிரைத் துரத்தல்.

இதில் யெல்லரின் மகன் சாமுக்குக் கிடைத்தது ஒரே வேலை, மோப்பம் பிடிப்பது. பெரியவர்களுக்கு வழிகாட்டியாகத் தரையை முகர்ந்துகொண்டே ஓடுகிறது. யெல்லரைப் போல அது எதையும் திருடவில்லை, யாருடைய வெறுப்பையும் சம்பாதிக்கவில்லை, யார் மனத்தையும் மாற்றவில்லை. படத்துக்குப் பெயர் கொடுத்த நாய்க்கே படத்தில் ஒரு வாழ்க்கை இல்லாமல் போனது எனக்குப் பெரிய வருத்தம்.

அதைவிட வருத்தம் தருவது அப்பாச்சிகளைக் காட்டிய விதம். அவர்களுக்கு வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள்: வளைந்த கால், உடைந்த மூக்கு, இளம் வீரன். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒருவருக்கும் இல்லை. இளம் வீரனாக வந்த ரஃபேல் காம்போஸ் டொமினிக்கன் குடியரசில் பிறந்த நடிகர். பிள்ளைகள் கடத்தப்படும் பயங்கரத்தைக் காட்டிவிட்டு, பார்வையாளர் கலங்கிவிடக் கூடாதே என்று ஆர்லிஸின் குறும்பை அதன் மேல் தூவுகிறார்கள். முதல் படத்தில் ஒரு நாய் செத்தது, அதன் வலி இன்றுவரை நிற்கிறது. இதில் மனித உயிர்களுக்கே ஆபத்து, ஆனாலும் மனதில் ஒரு கீறல்கூட விழுவதில்லை.

கடத்தல் கதையை எடுத்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். கிப்சன் 1908இல் பிறந்தது டெக்சாஸின் மேசன் பகுதியில். அதே மேசன் மாவட்டத்தில், லாயல் வேலி என்ற ஊரருகே, 1870 மே மாதம், கோதுமை வயலில் பறவை விரட்டிக்கொண்டிருந்த ஹெர்மன் லேமன் என்ற ஜெர்மானியக் குடியேறிகளின் பையனை அப்பாச்சிகள் தூக்கிச் சென்றார்கள். அவனுக்கு அப்போது பதினொரு வயதுகூட நிரம்பவில்லை. கூடப் பிடிபட்ட தம்பி சில நாட்களில் தப்பித்து வீடு சேர்ந்தான். ஹெர்மன் அங்கேயே வளர்ந்து, அப்பாச்சி வீரனாகி, பிறகு கொமாஞ்சிகள் என்ற மற்றொரு பழங்குடியினரோடு சேர்ந்தான். 1878இல் படைவீரர்கள் அவனைத் தாயிடம் கொண்டுவந்து விட்டபோது ஜெர்மன் மொழி மறந்துபோயிருந்தது. கட்டிலில் படுக்க மாட்டேன் என்று தரையில் படுத்தான். திரும்பிப் போய்விட வேண்டும் என்றே துடித்தான்.

கிப்சனின் சொந்த மண்ணில் நடந்தது இது. கடத்தியவர்களையே உறவாகக் கொண்ட பிள்ளை, செத்துவிட்டான் என்று நினைத்திருந்த மகன் அந்நியனாக வந்து நிற்பதைப் பார்க்கும் தாய். ஆர்லிஸ் போன்ற முரட்டுச் சுட்டி அந்தக் கூடாரங்களில் ஒரு குளிர்காலம் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பான் என்று ஒருமுறையாவது படம் கேட்டிருக்கலாம். தேடி வரும் நாயை அவன் எந்த மனத்தோடு எதிர்கொண்டிருப்பான்? முதல் படத்தை எழுதிய கைகளுக்கு அது முடியாத காரியம் அல்ல. இம்முறை நிறுவனமும் எழுத்தாளர்களும் துக்கத்துக்கு அஞ்சிவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பும் பெற்றோர் 'ஓல்ட் யெல்லர்' படத்தைக் காட்டுங்கள். களஞ்சியக் காட்சி வரும்போது எழுந்து போய்விடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள், பிள்ளைகள் கட்டாயம் கேள்வி கேட்பார்கள். அதன் பிறகு சாமையும் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தால் தாராளமாகப் போடுங்கள். படம் முடிந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, ஹெர்மன் லேமனின் கதையை உங்கள் வாயால் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.