கடல் நீலம்: தீர விசாரிப்போம்

அவைத் தலைவர் அவர்களே, வரவேற்புரையிலேயே என் வேலையில் பாதியை முடித்துவிட்ட செயலாளர் அவர்களே, எனக்கு முன் பேசி அமர்ந்த பேராசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் தரையில் அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். தள்ளாத வயதிலும் மேடையேறி வந்து எனக்குப் பொன்னாடை போர்த்திய பெரியவருக்குத் தனியாக ஒரு கும்பிடு.

கடல் ஏன் நீலம், சில இடங்களில் ஏன் பச்சை என்று இரண்டு கேள்விகளை அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். முதல் கேள்விக்கு வருகிறேன்.

யாரைக் கேட்டாலும், "வானம் தண்ணீரில் தெரிகிறது" என்பார்கள். ராலே பிரபு என்ற பேரறிஞர் சொன்னதும் அதுவே. ஆனால் நம் பெரியவர்கள் என்ன சொன்னார்கள்? கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்!

விசாரித்தவர் சர் சி.வி. ராமன். 1921. இங்கிலாந்து போய்விட்டு நார்குண்டா என்ற கப்பலில் திரும்பிவருகிறார். மத்தியதரைக் கடலின் நீலம் அவரை ஆட்கொண்டிருந்தது. கையில் ஒரு நிக்கோல் பட்டகம். விரல்களுக்குள் அடங்கும் படிகம்தான்; ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டுமே உள்ளே விடும். நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி, ஒரு குறிப்பிட்ட சாய்வில் ஒரே திசையில் அதிரும். பட்டகத்தை இப்படி, மெல்லத் திருப்பினால் அந்த ஒளி அணைந்துவிடும். அதாவது, தண்ணீரில் தெரிந்த வானம் அணைந்துவிடும். திருப்பினார். வானம் போயிற்று. நீலம் போயிற்றா? இல்லை ஐயா, முன்னைவிட அழுத்தமாக நின்றது! கப்பல் பம்பாய்த் துறைமுகம் வந்ததும் 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதிவிட்டார். அங்கே தொடங்கிய ஒளிச்சிதறல் ஆராய்ச்சிதான் 1928-ல் ராமன் விளைவாகி, 1930-ல் நோபல் பரிசாக வந்தது.

அவர் சொன்னதையும் விசாரிக்கத்தான் வேண்டும். நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதே முக்கியக் காரணம் என்றார் ராமன். சிதறல் உண்டு. ஆனால் தண்ணீர் சிவப்பொளியை விழுங்குவதே முதன்மைக் காரணம் என்று இன்று தெரிகிறது. ஹைட்ரஜன், ஆக்சிஜன் பிணைப்பின் அதிர்வு செய்யும் வேலை அது. டம்ளர் தண்ணீரில் தெரியாது, ஆழம் வேண்டும். ஆழத்தில் முக்குளிப்பவருக்குக் கையில் கீறல் விழுந்தால் ரத்தம் பச்சையாகத் தெரியும். அங்கே சிவப்பொளியே மிஞ்சியிருக்காது. கண்ணால் காண்பதும் பொய்!

பச்சைக்குக் காரணம் நுண்பாசிகள். அவற்றின் பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் எடுத்துக்கொள்கிறது. இந்த நிறத்தை வைத்தே செயற்கைக்கோள்கள் பாசியைக் கணக்கிடுகின்றன. அது பெரிய கதை.

நான் ஊர் ஊராகக் கேட்டு வருவதை இங்கும் கேட்டுவிடுகிறேன். 1865-ல் இத்தாலியப் பாதிரியார் செக்கி, போப்பாண்டவரின் கப்பலிலிருந்து வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கினார். கீழே போகப் போக வெள்ளை நீலமாகும், அல்லது பச்சையாகும், பிறகு மறையும். மறைந்த இடத்தில் கயிற்றை அளந்தால் நீரின் தெளிவு தெரிந்துவிடும். இன்றும் ஆய்வுக் கப்பல்களில் இந்தத் தட்டு உண்டு. இது ஏன் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கக் கூடாது? "வானத்தின் பிம்பம்" என்று எழுதி மதிப்பெண் வாங்கும் பிள்ளை, ஒரு முறையாவது கயிற்றைப் பிடித்து விசாரிக்கட்டுமே!

தலைமையாசிரியர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். வெள்ளை வண்ணம் பூசிய வட்டத்தகடு, நடுவில் துளை, அடியில் எடைக்கல், மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு, அவ்வளவுதான். ஒன்று செய்து கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்பக்கம் இருக்கும், வந்து தூக்கிப் பாருங்கள்.